இரவில் வண்டியிலிருந்து கொயோட்டி வேட்டை: அமெரிக்கச் சட்டம் எதை அனுமதிக்கிறது, ஏன்?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பட்டப்பகலில் பிக்-அப் டிரக்கில் ஏறி, வண்டிக்கு வண்டி ரேடியோவில் பேசிக்கொண்டு, கொயோட்டி என்ற நாய் இனக் காட்டு விலங்கை வேட்டையாடலாம். வேட்டை லைசென்ஸும் நில உரிமையாளரின் அனுமதியும் இருந்தால் போதும். அதே ஆள் அதே நிலத்துக்கு இரவில், உடல் வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் ஸ்கோப்போடு போனால் வண்டியைப் பயன்படுத்தக் கூடாது. டெக்சாஸில் தனியார் நிலத்துக்குள் இரவும் வண்டியும் சேர்ந்தே அனுமதிக்கப்படுகின்றன. ஆனால் இந்த இரண்டு மாநிலங்களிலும் இரவில் ஒரு மானைச் சுட்டால் வழக்கு, அபராதம், லைசென்ஸ் பறிப்பு என்று வரிசையாக வரும்.

ஒரே நாடு, ஒரே துப்பாக்கி, ஒரே இருட்டு. விலங்கு மாறினால் சட்டமும் மாறுகிறது. இதைப் புரிந்துகொள்ள, கொயோட்டிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கொயோட்டி எப்படிப்பட்ட விலங்கு?

நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. எடை பெரும்பாலும் 9 முதல் 20 கிலோ வரை. கிழக்கு மாநிலங்களில் இன்னும் கொஞ்சம் கூடும். எலி, முயல், பழம், செத்த மாடு, குப்பைத்தொட்டி மிச்சம் என்று எதையும் தின்னும். ஆட்டுக்குட்டியையும் தின்னும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு காலத்தில் இது அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளிலும் பாலைநிலங்களிலும் வாழ்ந்த விலங்கு. ஓநாய்களை மனிதர்கள் கொன்று தீர்த்ததும் அந்தக் காலியிடத்துக்குள் பரவியது. இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. சிகாகோ போன்ற பெருநகரத்துக்குள்ளேயே குட்டி போட்டு வளர்க்கிறது.

சட்டத்தின் கண்ணில் அது யார்?

அமெரிக்காவில் காட்டு விலங்குகள் யாருக்கும் சொந்தமில்லை. மக்கள் சார்பாக மாநில அரசு அவற்றைப் பராமரிக்கிறது என்பதே அடிப்படைக் கோட்பாடு. ஆகவே வேட்டை விதிகளை வாஷிங்டன் எழுதுவதில்லை, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக எழுதிக்கொள்கிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களும் வலசை போகும் பறவைகளும் முக்கியமான விதிவிலக்குகள். அவை மத்தியச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

மாநிலங்கள் விலங்குகளைப் பட்டியல் பிரிக்கின்றன. மான், வான்கோழி போன்றவை வேட்டை விலங்குகள். அவற்றுக்குப் பருவம் உண்டு, லைசென்ஸ் உண்டு, ஒருவர் எத்தனை சுடலாம் என்ற வரம்பு உண்டு. கொயோட்டி பல மாநிலங்களில் இந்தப் பட்டியலிலேயே இல்லை. வயோமிங்கில் அது கால்நடையை இரையாக்கும் விலங்கு என்ற தனி வகுப்பில் இருக்கிறது: வருடம் முழுதும் சுடலாம், லைசென்ஸ் தேவையில்லை, வரம்பும் இல்லை. டெக்சாஸிலும் பருவமோ வரம்போ கிடையாது.

இந்தியாவில் பழகிய கண்ணுக்கு இது விநோதமாகப் படும். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதன் முதல் வடிவத்தில், உரிமம் உள்ளவர்களுக்குக்கூட வண்டியிலிருந்து வேட்டையாடுவதையும் சூரியன் மறைந்தபின் வேட்டையாடுவதையும் தடைசெய்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லாமல் போனது. அமெரிக்காவில் வேட்டை சட்டபூர்வமான, பல லட்சம் பேர் ஈடுபடும் செயல். எதை, எப்போது, எப்படி என்பதில்தான் அங்கே சண்டை.

மூன்று தடைகள், மூன்று காரணங்கள்

மான் போன்ற விலங்குகளுக்கு மூன்று தடைகள் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் உண்டு. செய்திகளில் இவை ஒன்றாகக் கலந்து வருவதால்தான் குழப்பம். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தெரியும்.

1. இரவு. இருட்டில் சுடுபவருக்கு இலக்கு மட்டும் தெரிந்தால் போதாது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். கொயோட்டி வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் பாயிண்ட் 223 ரைஃபிளின் தோட்டா நான்கு கிராம்கூட இருக்காது. ஆனால் குழலைவிட்டு வெளியேறும்போது விநாடிக்குச் சுமார் 1,000 மீட்டர் வேகம். தடுக்க மண்மேடு எதுவும் இல்லையென்றால் இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் போகும். சமவெளியில் அந்தத் தொலைவுக்குள் ஒரு வீடு இருக்கலாம், ஒரு மாட்டு மந்தை இருக்கலாம்.

2. விளக்கு. நம்மூரில் நெற்றியில் பேட்டரி லைட் கட்டிக்கொண்டு முயல் வேட்டைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: ஒளி கண்ணில் பட்டதும் முயல் அப்படியே நின்றுவிடும். மானும் அப்படித்தான். ஸ்பாட்லைட் அடித்து மான் சுடுவது அமெரிக்காவின் மிகப் பழைய திருட்டு வேட்டை முறை. இதைப் பிடிக்க வனவிலங்குக் காவலர்கள் சாலையோரத்தில் தலையாட்டும் பொம்மை மானை நிறுத்திவைத்து இரவெல்லாம் காத்திருப்பார்கள். தப்பிக்கும் வாய்ப்பே இல்லாத விலங்கைச் சுடுவது வேட்டை ஆகாது என்ற கருத்தும் இதற்குள் இருக்கிறது. 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் வளர்த்தெடுத்த நியாயமான வேட்டை என்ற கொள்கை இதுதான்.

3. வண்டி. குண்டு நிரப்பிய துப்பாக்கி ஓடும் வண்டிக்குள் இருப்பதே ஆபத்து. பள்ளத்தில் ஒரு குலுக்கல் போதும். பொதுச் சாலையிலிருந்து சுடுவது அதைவிட மோசம். அப்புறம், வண்டி இருந்தால் ஒரே இரவில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் சுற்றி, அடுத்தவர் நிலத்திலும் கைவைத்துவிட்டுக் காவலர் வருவதற்குள் மறைந்துவிடலாம்.

ஊனமுற்றவர்கள் நிறுத்திய வண்டியிலிருந்து சுடுவதற்குப் பல மாநிலங்கள் தனி அனுமதி தருகின்றன. அதை யாரும் எதிர்ப்பதில்லை.

இந்தக் காரணங்களில் எதுவுமே மான் என்பதற்காக மட்டும் பொருந்துவது அல்ல. தோட்டாவுக்கு அது மானைக் குறிவைத்ததா கொயோட்டியைக் குறிவைத்ததா என்று தெரியாது. ஆனாலும் கொயோட்டி என்று வந்ததும் மாநிலங்கள் இந்தத் தடைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துகின்றன. ஆடு மாடு வளர்ப்பவர்களின் நெருக்கடி ஒரு காரணம். கொயோட்டி இரவில் நடமாடும் விலங்கு என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம் கருவி.

தெர்மல் ஸ்கோப் வந்தபின்

முன்பெல்லாம் இரவு வேட்டை என்றால் சிவப்பு விளக்கு. நாய் இனங்களின் கண்ணுக்கு இரண்டு நிற உணர்வுதான், சிவப்பு அவ்வளவாக உறைக்காது. விளக்கை லேசாக வீசினால் கொயோட்டியின் விழி பளிச்சிடும். அந்தப் பளிச்சிடலை வைத்துத் தேடுவார்கள்.

அடுத்து வந்தது நைட் விஷன். நிலவொளியையும் நட்சத்திர ஒளியையும் பெருக்கிக் காட்டும். அது போதாதபோது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கை அடித்துப் பார்க்கலாம்.

தெர்மல் வேறு வகை. அதற்கு ஒளியே வேண்டாம். உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை, அதாவது 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான நீண்ட அகச்சிவப்பு அலையை, படமாக மாற்றும். ராணுவத்தோடு இருந்த இந்தக் கருவி இப்போது சில ஆயிரம் டாலருக்குக் கடையில் கிடைக்கிறது. குளிர்ந்த புல்வெளியில் பல நூறு மீட்டர் தள்ளி நிற்கும் கொயோட்டி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

வண்டியோடு சேர்த்துப் பார்த்தால் இதன் வேலைமுறை தெளிவாகும். சாதாரணக் கண்ணாடி இந்த அலையை உள்ளே விடாது. ஜன்னலை ஏற்றிவிட்டு ஸ்கோப்பில் பார்த்தால் கண்ணாடியின் வெப்பம்தான் தெரியும், வெளியே இருப்பது தெரியாது. ஆகவே ஜனவரிக் குளிரிலும் கண்ணாடியை இறக்கித்தான் ஆக வேண்டும். என்ஜினை அணைக்க வேண்டும், கதவை அறைந்து சாத்தக் கூடாது. அடிபட்ட முயலின் கதறலைப் பதிவுசெய்த ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருப்பார்கள். கொயோட்டி நேராக வராது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றிவந்து, மோப்பம் பிடித்த பிறகே நெருங்கும். டெக்சாஸில் டிரக்கின் பின்பகுதியில் உயரமான இருக்கை கட்டிய வண்டிகள் சாதாரணம்.

வண்டி வேட்டையை ஆதரிப்பவர்கள் சொல்லும் ஒரு வாதத்தை இங்கே மதிக்க வேண்டும். உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தோட்டா மண்ணில் புதையும். தரையில் படுத்துச் சுடுவதைவிட இது பாதுகாப்பு. நிறுத்திய வண்டி, சொந்த நிலம், தெரிந்த மேடுபள்ளம் என்றால் இந்த வாதம் சரிதான்.

ஆனால் தெர்மலின் குறையும் அங்கேயே இருக்கிறது. அது வெப்பத்தைக் காட்டும், நிறத்தைக் காட்டாது. விழி பளிச்சிடுவதும் இல்லை. தூரத்தில் தெரியும் வெள்ளை உருவம் கொயோட்டியா, பக்கத்துப் பண்ணை நாயா, ஓநாயா என்பதை உடல்வாகை வைத்தும் நடையை வைத்தும்தான் சொல்ல வேண்டும். இலக்குக்குப் பின்னால் இருக்கும் குளிர்ந்த மரவேலியோ கொட்டகையோ அதில் சரியாகத் தெரியாமலே போகலாம்.

கான்சாஸ் 2021-இல் இரவு வேட்டையை அனுமதித்தபோது ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை, தனி அனுமதிச்சீட்டோடு, பொது நிலங்களைத் தவிர்த்து என்று எல்லை போட்டது. வண்டி கூடாது என்றும் சேர்த்தது. பகலில் வண்டியை விடும் மாநிலம் இரவில் விடாததில் முரண் எதுவும் இல்லை. இருட்டும் வண்டியும் தனித்தனியாக ஒரு அளவு ஆபத்து, சேர்ந்தால் பல மடங்கு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்குச் சரியாகப் படும் கணக்கும் இதுவே.

வட கரோலினாவில் நடந்தது

இரவில் அடையாளம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெளிவான பாடம் வட கரோலினாவின் கடலோரத்தில் கிடைத்தது.

சிவப்பு ஓநாய் என்பது தென்கிழக்கு அமெரிக்காவுக்கே உரிய இனம். 1980-இல் காட்டில் முற்றிலும் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே பிடித்து வளர்த்த ஓநாய்களின் வாரிசுகளை 1987-இல் அலிகேட்டர் ரிவர் காப்பகத்தில் மறுபடி விட்டார்கள். இரண்டாயிரங்களில் அவை நூறைத் தாண்டின. டேர், டிரெல், ஹைட், வாஷிங்டன், பியூஃபோர்ட் என்ற ஐந்து மாவட்டங்களில் பரவின.

இதற்கிடையே கொயோட்டிகளும் அங்கே வந்து சேர்ந்தன. இரண்டும் இணைசேர்ந்தால் கலப்பினம் பிறக்கும், ஓநாய் இனம் கரைந்துபோகும். உயிரியலாளர்கள் இதற்கு ஓர் அருமையான வழி கண்டார்கள். கொயோட்டியைப் பிடித்து, கருத்தடை செய்து, பழைய இடத்திலேயே விட்டார்கள். அது தன் எல்லையை மற்றக் கொயோட்டிகள் நுழையாமல் காக்கும், ஆனால் குட்டி போடாது. ஓநாய் கிடைக்கும்வரை அந்த இடத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

2012-இல் மாநில வனவிலங்கு ஆணையம் விளக்கு வைத்து இரவில் கொயோட்டி சுடுவதை இந்த ஐந்து மாவட்டங்களிலும் அனுமதித்தது. வளர்ந்த சிவப்பு ஓநாய் கொயோட்டியைவிடப் பெரியது என்றாலும், ஒரு வயது ஓநாய்க்கும் பெரிய கொயோட்டிக்கும் பகலிலேயே வித்தியாசம் சொல்வது கடினம். கருத்தடை செய்த கொயோட்டி சுடப்பட்டால், அது காத்துவந்த இடத்துக்குள் குட்டி போடும் கொயோட்டி நுழைந்துவிடும். பாதுகாப்பு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2014 மே மாதம் மத்திய நீதிமன்றம் அந்த ஐந்து மாவட்டங்களில் கொயோட்டி வேட்டைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஒப்பந்தம் ஏற்பட்டது: இரவு வேட்டை கூடாது, பகலில் சுட அனுமதிச்சீட்டு வேண்டும், சுட்டதைத் தெரிவிக்கவும் வேண்டும்.

இரவு வேட்டை ஒன்றே ஓநாய்களை அழிக்கவில்லை. சாலை விபத்தும் திட்டத்தின் மீதான அரசியல் எதிர்ப்பும் சேர்ந்துகொண்டன. ஆனால் துப்பாக்கிச் சூடு முக்கியமான காரணங்களில் ஒன்று. 2020 வாக்கில் காட்டில் இருப்பதாக உறுதியாகத் தெரிந்தவை பத்துக்கும் குறைவு. பின்னர் ஓநாய்களின் கழுத்தில் ஆரஞ்சு நிறப் பட்டை கட்டினார்கள், வேட்டைக்காரர் பார்த்ததும் புரிந்துகொள்ளட்டும் என்று. பகலில் அது உதவும். நிறம் காட்டாத தெர்மல் ஸ்கோப்பில் அந்த ஆரஞ்சுக்குப் பயன் இல்லை.

ஆட்டுக்காரருக்கு இதனால் லாபம் உண்டா?

கொயோட்டியால் வரும் இழப்பு கற்பனை அல்ல. அமெரிக்க வேளாண்துறையின் கணக்கெடுப்புகளில், காட்டு விலங்குகளுக்கும் நாய்களுக்கும் இரையான செம்மறிகளில் பாதிக்கு மேல் கொயோட்டியால் போனவை. ஒரே வாரத்தில் பத்து குட்டிகளை இழந்தவர் துப்பாக்கியை எடுப்பதில் ஆச்சரியம் இல்லை. அவர் கோபத்தை நகரத்தில் உட்கார்ந்துகொண்டு குறைசொல்வது நியாயமும் இல்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1931-இல் இதற்கென்றே சட்டம் வந்தது. விஷம், பொறி, விமானத்திலிருந்து சுடுதல் எல்லாம் நடந்தது. 1972-இல் அதிபர் நிக்சன் மத்திய அரசு நிலங்களில் விஷம் வைப்பதைத் தடைசெய்தார். விமானத்திலிருந்து சுடுவது 1971 சட்டத்தால் பொதுமக்களுக்குத் தடையானாலும், கால்நடையைக் காக்க அனுமதி பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. வேளாண்துறையின் வனவிலங்குச் சேவைப் பிரிவு மட்டுமே பல ஆண்டுகளில் வருடத்துக்கு 60,000-க்கும் மேற்பட்ட கொயோட்டிகளைக் கொன்றிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கொயோட்டி குறையவில்லை. செம்மறிகள்தான் குறைந்தன. 1940-களின் தொடக்கத்தில் சுமார் 5.6 கோடி, இப்போது 50 லட்சம் அளவு. அதற்குக் கம்பளி விலை, செயற்கை இழை, ஆள் பற்றாக்குறை என்று வேறு காரணங்கள் உண்டு. கொயோட்டி ஏன் குறையவில்லை என்பதற்கு விடை அதன் குடும்ப அமைப்பில் இருக்கிறது.

1. ஒரு குழுவில் பொதுவாக ஒரு ஜோடி மட்டுமே குட்டி போடும். அந்த ஜோடி செத்தால் குழு சிதறும், மற்றவை இணைசேரும்.
2. எண்ணிக்கை குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு இரை அதிகம் கிடைக்கும், குட்டிகள் அதிகம் பிழைக்கும்.
3. காலியான இடத்துக்கு வெளியிலிருந்து இளசுகள் வரும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1975-இல் செய்த கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆண்டுக்கு 70 சதவீதம்வரை கொன்றாலும் கொயோட்டி இனம் தாக்குப்பிடிக்கும். அதற்கும் மேலே போனால்தான் சரியும், அதுவும் பல பத்தாண்டுகள் விடாமல் கொன்றால்.

இதைவிட முக்கியம், எந்தக் கொயோட்டி சாகிறது என்பது. கலிஃபோர்னியாவின் ஹாப்லாந்து ஆய்வு மையத்தில் செய்த ஆய்வுகள், ஆடுகளைக் கொல்வது பெரும்பாலும் அந்த நிலத்தை ஆளும், குட்டி போடும் ஜோடி என்று காட்டின. அந்த ஜோடியை அகற்றினால் இழப்பு குறைகிறது. ஆனால் பொறியில் எளிதாகச் சிக்குபவை அவை அல்ல. அனுபவமில்லாத இளசுகளும் நாடோடிகளும்தான் சிக்குகின்றன. வண்டியில் சுற்றி, முயல் கதறலைப் போட்டுக் காத்திருக்கும் இரவு வேட்டையிலும் ஓடிவருவது அதே இளசாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

எதிர்ச் சான்றையும் சொல்ல வேண்டும். யூட்டா, ஐடஹோ மேய்ச்சல் நிலங்களில், கோடையில் ஆடு வரப்போகும் இடங்களாகப் பார்த்துக் குளிர்காலத்தில் விமானத்திலிருந்து சுட்டபோது குட்டி இழப்பு குறைந்தது. குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நோக்கம் என்று செய்த வேலை அது. வார இறுதியில் நண்பர்களோடு டிரக்கில் கிளம்புவதை அதோடு சேர்த்துப் பேச முடியாது.

இரவில் ஆடுகளைப் பட்டியில் அடைப்பது, கிரேட் பிரனீஸ், அனடோலியன் போன்ற காவல்நாய்களை மந்தையோடு வளர்ப்பது, கழுதை அல்லது லாமாவைக் காவலுக்கு விடுவது, மின்வேலி போடுவது என்று வேறு வழிகளும் உண்டு. கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டம் 2000 வாக்கில் மத்திய அரசின் கொல்லும் சேவையை நிறுத்திவிட்டு, வேலிக்கும் நாய்க்கும் ஆட்டுக்காரர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. காவல்நாய் வைத்திருக்கும் ஊரில் இரவுத் தெர்மல் வேட்டைக்கு இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. நள்ளிரவில் மந்தைக்குப் பக்கத்தில் நான்கு காலில் நிற்கும் வெப்ப உருவம் அந்தக் காவல்நாயாகவே இருக்கலாம்.

இப்போது எந்தப் பக்கம் நகர்கிறது?

இரண்டு பக்கமும். ரோமத்துக்கான வேட்டை சுருங்கியிருக்கிறது. குளிர்கால ஜாக்கெட்டின் தலைமறைப்பு ஓரத்தில் கொயோட்டி ரோமம் வைத்து விற்ற கனடா கூஸ் நிறுவனம், 2021-இல் ரோமம் வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தது. அதிகம் கொன்றவருக்குப் பரிசு தரும் போட்டிகளைக் கலிஃபோர்னியா 2014-இலும் வெர்மான்ட் 2018-இலும் நியூ மெக்சிகோவும் அரிசோனாவும் 2019-இலும் நியூயார்க் 2023-இலும் தடைசெய்தன.

வயோமிங்கில் 2024-இல் ஒருவர் ஓநாய் ஒன்றைப் பனிவண்டியால் மோதி, உயிரோடு மதுக்கடைக்குக் கொண்டுபோனார். முதலில் விதித்த அபராதம் 250 டாலர். அதுவும் மோதியதற்கு அல்ல, காட்டு விலங்கை உயிரோடு வைத்திருந்ததற்கு. கொயோட்டியும், மாநிலத்தின் பெரும்பகுதியில் ஓநாயும் அடங்கிய 'இரையாக்கும் விலங்கு' வகுப்புக்கு எதிராக வண்டியையே ஆயுதமாக்குவது அங்கே தடைசெய்யப்படவில்லை என்பது அப்போதுதான் நாடு முழுக்கத் தெரிந்தது.

மறுபுறம், தெர்மல் கருவி மலிவாக மலிவாக, இரவு வேட்டையைத் திறந்துவிடக் கோரும் மனுக்கள் மாநில ஆணையங்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் பரிசீலிக்கும்போது இருட்டையும் வண்டியையும் ஒரே பொட்டலமாகக் கொடுக்கத் தேவையில்லை. குட்டி இழந்த நிலத்துக்கு, அந்தப் பருவத்துக்கு, நிறுத்திய வண்டியிலிருந்து, சுட்டதைத் தெரிவிக்கும் கட்டாயத்தோடு அனுமதி கொடுத்தால் ஆட்டுக்காரரின் தேவை நிறைவேறிவிடும். பொழுதுபோக்குக்காக வருபவர் வண்டியை விட்டு இறங்கி நடக்கட்டும். ஓநாய் இருக்கும் மாவட்டங்களில் இரவுக்கு அனுமதியே கூடாது.